நாலு முறை கழித்த வயது

என் மகன் பிறந்து எட்டு மாதம் ஆனபோது அவனுக்கு வயது ஐந்தரை மாதம். இதில் குழம்ப ஒன்றும் இல்லை. வர வேண்டிய நாளுக்குப் பதினொரு வாரம் முன்னாலேயே வந்துவிட்டான். தடுப்பூசிக்குப் பிறந்த நாளிலிருந்து கணக்கு. தலை நிற்பது, புரள்வது, உட்காருவது போன்ற சமாசாரங்களுக்கு மட்டும் அந்தப் பதினொரு வாரத்தைக் கழித்துவிட்டுப் பார்க்க வேண்டும். இரண்டு வயது வரை இப்படி, அப்புறம் கழிக்கத் தேவையில்லை. ஆஸ்பத்திரியில் நர்ஸ் இதை மருந்துச் சீட்டின் பின்பக்கம் எழுதிக் காட்டினாள். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. முன்கூட்டியே ஓடி வந்தவன் என்று அவனுக்கு 'எக்ஸ்பிரஸ்' என்று பட்டப்பெயர் வைத்ததும் அவள்தான்.

இந்த இரண்டு நிமிட விஷயத்துக்காக மூன்று மாடிக் கட்டடம் ஒன்று இருக்கிறது என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. வாசல் பலகையில் 'குழந்தை வயதுச் சீரமைப்பு மற்றும் வளர்ச்சிக் கண்காணிப்பு மையம்' என்று போட்டிருக்கும். அதன் கீழே கொட்டை எழுத்தில், 'ஒவ்வொரு குழந்தைக்கும் சரியான வயது'. சுருக்கமாக மையம். மையம் முதலில் குழந்தையின் வயதைத் திருத்தும். அந்த வயதுக்குக் குழந்தை வளர்ந்திருக்கிறதா என்று பார்த்துச் சான்று கொடுக்கும். சான்றில் குறை என்று இருந்தால்தான் கீழ்த்தளத்தில் இருக்கும் பிசியோதெரபி அறைக்குள் விடுவார்கள். இந்த ஊரில் அத்தனை சின்னக் குழந்தைகளுக்கு அந்த ஓர் அறைதான்.

நான் பிஸ்கட் கம்பெனியில் தேதி அடிக்கிறவன். பாக்கெட்டின் முதுகில் தயாரித்த நாள், கெட்டுப்போகும் நாள் இரண்டையும் குத்தும் மெஷின் என் பொறுப்பு. தினமும் காலையில் நான்தான் எண்களைத் திருப்பி வைப்பேன். பன்னிரண்டு வருடத்தில் ஒரு நாள்கூடத் தப்பியதில்லை என்று பெருமை பேசிக்கொண்டிருந்தவன். இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. எனக்குக் கழித்தல் தெரியாது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. நன்றாகவே தெரியும்.

என் மனைவி டிரைவிங் ஸ்கூலில் கார் கற்றுத் தருகிறவள். ஆறாம் மாத முடிவில், "நிறுத்திடட்டுமாங்க?" என்று கேட்டாள். "இன்னும் ஒரு மாசம் போகட்டுமே" என்றேன். மூன்றாவது வாரம், பழக வந்த ஒருவர் நடுரோட்டில் பிரேக்கை ஏறி மிதித்தார். மறுநாள் எக்ஸ்பிரஸ் வந்துவிட்டான். பிரேக்குக்கும் பிரசவத்துக்கும் சம்பந்தம் இல்லை, இந்த மாதிரி பல சமயம் காரணமே இருக்காது என்று டாக்டர் எங்கள் இருவரையும் உட்கார வைத்துச் சொன்னார். என் அக்கா மட்டும் சம்பந்தம் இருக்கிறது என்றாள்.

"வயித்துல புள்ளைய வச்சுக்கிட்டு ஊரானுக்கு கியர் போடச் சொல்லிக் குடுத்தா வேற என்ன ஆகும்?"

என் மனைவி அதற்குப் பதில் பேசவில்லை. 'நிறுத்தறேன்னுதான் சொன்னா, நான்தான் விடலை' என்ற வாக்கியம் என் வாய் வரை வந்தது. தண்ணீர் குடித்து உள்ளே தள்ளிவிட்டேன். அதிலிருந்து அக்காவைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தாகம் எடுக்கும்.

இந்தக் குற்ற உணர்ச்சியின் வால்தான் வயது விஷயம். குழந்தைக்கு எத்தனை மாதம் என்று யாராவது கேட்டு, எட்டு என்று சொன்னால், கேட்டவர் குழந்தையை ஒரு தரம் பார்ப்பார், என்னை ஒரு தரம் பார்ப்பார். ஐந்தரை என்று சொன்னால், "அப்படியா, நல்லா இருக்கானே!" என்பார். அந்த 'நல்லா இருக்கானே'வுக்காக நான் எதை வேண்டுமானாலும் கழிக்கத் தயாராக இருந்தேன்.

மையத்துக்கு முதல் தடவை நான் மட்டும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனேன். அன்று என் மனைவிக்குப் பயிற்சியாளர் உரிமம் புதுப்பிக்கும் தேர்வு. விண்ணப்பத்தில் குழந்தையின் வயது என்று ஒரு கட்டம் இருந்தது. பிறந்த தேதி என்று கட்டமே இல்லை. கை பழக்கதோஷத்தில் இருபத்து நான்கு வாரம் என்று எழுதிவிட்டது. அதாவது, ஏற்கெனவே கழித்துவிட்ட ஐந்தரை மாதம்.

கவுன்ட்டரில் 'வயது' என்ற பலகைக்குக் கீழே எழுத்தர் உட்கார்ந்திருந்தார். மடிப்புக் கலையாத சட்டை, பையில் மூன்று பேனா.

"குறைப்பிரசவமா?"

"ஆமா சார்."

"எத்தனை வாரம் முன்னாடி?"

"பதினொண்ணு."

அவர் இடுப்புச் சாவியால் மேசை டிராயரைத் திறந்து, மஞ்சள் துணியில் சுற்றிய ஒரு பொருளை எடுத்தார். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு வட்ட அட்டைகள், நடுவில் ஓர் ஆணி, விளிம்பெல்லாம் எண்கள். துணியால் துடைத்தார். கண்ணாடியைக் கழற்றினார். இருபத்து நான்கில் விரலை வைத்து, மேல் அட்டையைப் பின்பக்கமாகச் சுற்ற ஆரம்பித்தார். ஒவ்வொரு வாரத்துக்கும் ஒரு முறை உதடு அசைந்தது.

"பதிமூணு வாரம்" என்றார். "மூணு மாசம்னு வச்சுக்குங்க."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவர் மேல் தப்பில்லை. நான் கழித்ததை அவர் மறுபடி கழித்துவிட்டார். "சார், பிறந்த தேதி கேக்கவே இல்லையே?" என்று மெதுவாக ஆரம்பித்தேன்.

"பிறந்த தேதியெல்லாம் ஆஸ்பத்திரிக்காரங்க சமாசாரம். அது நமக்குள்ள வந்தா குழப்பம். எங்களுக்கு வயசு மட்டும் போதும். ஏன், ஏதாவது சொல்லணுமா?"

எனக்குப் பின்னால் நாற்பது பேர் நின்றார்கள். எக்ஸ்பிரஸ் என் சட்டைக் காலரை வலது கையால் பிடித்து வாயில் வைத்துக்கொண்டிருந்தான். "ஒண்ணுமில்ல சார்" என்றேன்.

அடுத்தது பரிசோதனை. அந்தப் பலகையின் கீழே நாற்காலி காலியாக இருந்தது. சற்று நேரத்தில் அதே எழுத்தர் எழுந்து, ஐந்தடி நடந்து, அதில் உட்கார்ந்தார். ஆள் பற்றாக்குறை. ஆனால் உட்கார்ந்ததும் என்னை முதல் தடவை பார்ப்பதுபோல் பார்த்து, "யாரு? டோக்கன் இருக்கா?" என்றார். கொடுத்தேன். சுவரில் மாதவாரியாக ஓர் அட்டவணை தொங்கியது. மூன்று மாத வரிசையில் குச்சியை வைத்தார்.

"தலை நிக்கணும். நிக்குது. முகம் பார்த்துச் சிரிக்கணும்."

எக்ஸ்பிரஸ் சத்தம் போட்டே சிரித்தான். மேசையில் படுக்க வைத்ததும் ஒரே புரளாகப் புரண்டு, அவருடைய பேனா ஒன்றைப் பறித்தான். எழுத்தர் இரண்டடி பின்வாங்கினார். அவருடைய பணிக்காலத்தில் மூன்று மாதக் குழந்தை எதுவும் பேனாவைப் பறித்ததில்லை.

அந்த வழியாக பிசியோதெரபிஸ்ட் போனாள். கையில் ஒரு ரப்பர் பந்து, தலை கலைந்து, பத்து பேருக்கான வேலையை ஒருத்தியாகச் செய்கிறவளின் நடை. போகிற போக்கில் நின்று, எக்ஸ்பிரஸின் இடது கையைத் தொட்டுப் பார்த்தாள். அது மூடியே இருந்தது.

"இடது கை எப்பவும் இப்படித்தான் இறுக்கி வச்சிருப்பானா? எத்தனை மாசம்?"

"மூணு" என்றார் எழுத்தர்.

"மூணுதானா? அப்பச் சரி. அந்த வயசுல மூடித்தான் இருக்கும்." அவள் என்னைப் பார்த்தாள். "ஆறு மாசத்துப் பிள்ளைன்னா விட்டிருக்க மாட்டேன்."

போய்விட்டாள். வாயைத் திறக்க எனக்கு ஐந்து நொடி இருந்தது, அந்த ஐந்து நொடியும் நான் எழுத்தரின் குச்சி முனையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு அவர் சான்றிதழை நீட்டினார். 'வளர்ச்சி: வயதை மிஞ்சியது. தரம்: முதல்.' வயது என்ற இடத்தில், 'கோப்பில் உள்ளபடி' என்று இருந்தது.

"வயசைப் போடலையே சார்?"

"திருத்துன வயசு அலுவலக ரகசியம். பெத்தவங்க கையில குடுத்தா அவங்க இஷ்டத்துக்குக் கூட்டிக் கழிப்பாங்க."

என் மனைவி அந்தச் சான்றிதழைப் படித்துவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டாள். கையை எடுத்தபோது, இந்த எட்டு மாதத்தில் நான் பார்க்காத ஒரு முகம் இருந்தது. பீரோ கதவில் நாலு மூலையிலும் டேப் போட்டு ஒட்டினாள். என் அக்காவுக்கு அவளே போன் செய்து, "வயசுக்கு மேலயே வளர்ந்திருக்கானாம்" என்றாள். மறு வாரமே வேலைக்குத் திரும்பினாள். சாயங்காலம் வந்ததும் பீரோவைத் திறக்க வேண்டிய தேவை இல்லாதபோதும் அதன் முன்னால் ஒரு நிமிடம் நின்றாள். அவள் தலையிலிருந்து அக்கா ஏற்றிவைத்த பழி இறங்கிவிட்டது என்று நான் எடுத்துக்கொண்டேன். இந்த நேரத்தில் போய், அது தப்பான காகிதம் என்று எப்படிச் சொல்வது? நாளைக்குச் சொல்லலாம் என்று தினமும் முடிவு செய்தேன்.

குழந்தையைக் குளிப்பாட்டுவது என் வேலை. அவனுடைய இடது உள்ளங்கையைக் கழுவ, மூடிய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது. பிரித்தால் உள்ளே ஈரப் பஞ்சு, போர்வை நூல், சில நாள் என் தலைமுடி ஒன்று இருக்கும். முதல் வாரம் எளிதாகப் பிரிந்தது. ஐந்தாவது வாரம் கட்டைவிரலை வெளியே எடுக்கவே சிரமமாக இருந்தது. இடது காலும் நுனிவிரலில் நிற்கப் பார்த்தது. நான் கழுவித் துடைத்து, கை தெரியாமல் முழுக்கைச் சட்டை போட்டு அவளிடம் கொடுத்தேன்.

அந்த வாரம்தான் கம்பெனியில் என் பெருமை போனது. காலையில் மாதத்தின் எண்ணைத் திருப்ப மறந்துவிட்டேன். நாலாயிரம் பாக்கெட் போன மாதத்தில் தயாரானவையாக வெளியே வந்தன. கவனித்த கணமே சிவப்புப் பொத்தானை அடித்தேன். லைன் முழுக்க நின்றது. சூப்பர்வைசர் ஓடி வந்தார். திட்டுவார் என்று பார்த்தால் தோளில் தட்டினார்.

"தப்பு யாரும் பண்ணுவாங்கப்பா. பார்த்த உடனே நிறுத்தினே பாரு, அதுதான் வேலைக்காரனுக்கு அழகு."

பிஸ்கட்டுக்கு நிறுத்தியவன், பிள்ளைக்கு ஐந்து வாரமாக நிறுத்தவில்லை. அடுத்த வாரம் அரை நாள் விடுப்பு போட்டுவிட்டு மையத்துக்குப் போனேன்.

'வயது' பலகையின் கீழ் அதே எழுத்தர். இந்தத் தடவை துணிந்து சொன்னேன்.

"சார், நான் எழுதினதே கழிச்ச வயசு. நீங்க அதுல இன்னொரு தடவை கழிச்சுட்டீங்க. சரியான வயசு இப்ப முப்பது வாரம்."

அவர் மூன்று பேனாவையும் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "திருத்துன வயசுல தப்பு இருக்குன்னு சொல்றீங்க?"

"நான் பண்ணின தப்புதான் சார்."

"யார் பண்ணினா என்ன, மறுபரிசீலனைக்குப் போகணும்." ஒரு படிவம் கொடுத்தார். அதன் தலைப்பு, 'திருத்திய வயதைத் திருத்தக் கோரும் விண்ணப்பம்'. நிரப்பிக் கொடுத்தேன். அவர் அதில் முத்திரை குத்தி, கோப்பில் வைத்து, கோப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எழுந்து, இந்தத் தடவை பத்தடி நடந்து, 'மறுபரிசீலனை' என்ற பலகையின் கீழே உட்கார்ந்தார். நானும் பின்னாலேயே போனேன்.

"யாரு? என்ன விஷயம்?" என்றார்.

முதலிலிருந்து சொன்னேன். முழுவதும் பொறுமையாகக் கேட்டார். கடைசியில் 'வயது' பலகையின் கீழே இருந்த எழுத்தரைப் பற்றி, "அந்த ஆள் கொஞ்சம் அவசரக்காரர்தான்" என்றுகூட ஒப்புக்கொண்டார். பிறகு மஞ்சள் துணியைப் பிரித்தார்.

"சார், எதுக்கு அட்டை? கழிச்ச பதினொண்ணைத் திரும்பக் கூட்டினாப் போதுமே."

"கூட்டறதா?" அவர் குரல் தாழ்ந்தது. "தம்பி, இந்தக் கட்டடத்துல கூட்டறதுக்கு யாருக்கும் அதிகாரம் கிடையாது. வயசைக் கூட்டறது ஓய்வூதியத் துறை. அங்க போனீங்கன்னா அறுபது வரைக்கும் கூட்டிக் குடுப்பாங்க. நாங்க கழிக்கிறவங்க. ஒரு கோப்பு என் மேசைக்கு வந்துட்டா நான் கழிச்சாகணும். கழிக்காம அனுப்பினா, நான் வேலை செய்யலைன்னு ஆகும்."

"வேண்டாம் சார், கோப்பைத் திருப்பிக் குடுத்துடுங்க."

"விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கணும்னா தாயார் கையெழுத்து வேணும். அவங்க நேர்ல வந்து, வயசு தப்புன்னு தெரியும்னு எழுதிக் குடுக்கணும். கூட்டிட்டு வர்றீங்களா?"

நான் பீரோ முன்னால் நிற்கும் அவள் முகத்தை நினைத்தேன். அதற்குள் அட்டை சுற்ற ஆரம்பித்துவிட்டது. முதலில் எழுதிய பதின்மூன்றோடு கடந்துபோன ஆறு வாரம் சேர்ந்து பத்தொன்பது, அதில் பதினொன்று போக எட்டு. என் மகனுக்கு இரண்டு மாதம்கூட நிறையவில்லை. எழுத்தர் பழைய பரிசோதனைக் குறிப்பைப் படித்தார். சிரிக்கிறான், புரள்கிறான், பேனா பறிக்கிறான். அவர் கண்கள் விரிந்தன. நாற்காலியைத் தள்ளிவிட்டு மாடிக்கு ஓடினார்.

திரும்பி வரும்போது கூடவே இயக்குநரும் வந்தார். தங்க பிரேம் கண்ணாடி, எந்நேரமும் யாரோ புகைப்படம் எடுப்பதுபோல ஒரு நிற்பு. என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"ரெண்டு மாசத்துல புரள்றானா? இப்படி ஒரு குழந்தைக்காகத்தான் சார் நான் காத்துக்கிட்டு இருந்தேன்!"

"சார், அவனுக்கு இடது கை..."

"வலது கையால பேனாவைப் பிடுங்கியிருக்கான். அது போதும்."

மூன்று நாளில் வீட்டுக்கு அழைப்பிதழ் வந்தது. எக்ஸ்பிரஸை மையம் 'முன்மாதிரிக் குழந்தை'யாகத் தேர்ந்தெடுத்திருக்கிறது. தலைமையகத்திலிருந்து ஓர் அதிகாரி அம்மாள் வந்து பரிசு தருகிறார். என் மனைவி அழைப்பிதழை மூன்று தடவை படித்தாள். அவனுக்கு நீலச் சட்டை எடுத்தாள். என் அக்காவையும் அழைத்தாள். அக்காவும் வருகிறேன் என்றாள். இடையில் ஒரு நாள் சோறு பரிமாறும்போது என் மனைவி, "உங்களுக்கு ஏன் சந்தோஷமே இல்லை?" என்று கேட்டாள். "வேலை ஜாஸ்தி" என்றேன். அந்த இரண்டு வார்த்தைக்காக என்னை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

விழா மையத்தின் இரண்டாம் மாடிக் கூடத்தில் காலை பத்து மணிக்கு. முதல் வரிசையில் என் மனைவியும் அக்காவும். நடுவில் மற்ற பெற்றோர்கள், அழும் குழந்தைகள். பின்சுவரில் கைதட்டுவதற்காக வரவழைக்கப்பட்ட ஊழியர்கள், அவர்களில் பிசியோதெரபிஸ்ட்டும். குழந்தையோடு நான் மேடையில். இயக்குநர் மைக்கைப் பிடித்தார்.

"மதிப்புக்குரிய அம்மா அவர்களே, பெற்றோர்களே! பிறந்த தேதி என்பது ஒரு விபத்து. வயது என்பது ஒரு நிர்வாக முடிவு. நான் பொறுப்புக்கு வந்தப்ப இங்க பின்தங்கின குழந்தைகள் முன்னூத்திப் பத்து. பயிற்சி குடுத்துப் பார்த்தோம். ஒவ்வொண்ணுக்கும் மாசக்கணக்கா ஆச்சு. அப்பத்தான் எனக்கு ஒரு உண்மை புரிஞ்சது. குழந்தையை மேல கொண்டு வர ரொம்ப நாள் ஆகும். வயசைக் கீழ கொண்டு வர ஒரு நிமிஷம் போதும்!"

கைதட்டல். அதிகாரி அம்மாள் குறிப்பெடுத்துக்கொண்டார்.

"இந்த வருஷம் பின்தங்கின குழந்தைகள் எத்தனை தெரியுமா? நாலு! அந்த நாலு பேரும் மறுபரிசீலனையில இருக்காங்க. அடுத்த மாசம் அதுவும் இருக்காது. கீழ இருக்கிற பயிற்சி அறையை மூடிட்டு, அங்க இன்னும் ரெண்டு வயது கவுன்ட்டர் திறக்கலாம்னு இருக்கோம்."

பின்சுவரில் பிசியோதெரபிஸ்ட் மட்டும் கைதட்டவில்லை.

பரிசுச் சான்றிதழ் புதிது என்பதால் அதற்கும் வயது தேவைப்பட்டது. விழாவை முன்னிட்டு ரகசியம் ஒரு நாளைக்குத் தளர்த்தப்பட்டிருந்தது. எழுத்தர் மேடையேறி, அதிகாரி அம்மாளை வணங்கி, எல்லோருக்கும் தெரியும்படி வட்ட அட்டையைத் தூக்கிக் காட்டினார். கோப்பின்படி எட்டு வாரம், நடுவில் போன மூன்று வாரம் சேர்ந்து பதினொன்று. கோப்பு மேசைக்கு வந்துவிட்டது, கழித்தாக வேண்டும். சுற்றினார். உதடு பதினொரு முறை அசைந்தது. பிறகு அட்டையைத் திருப்பிப் பார்த்தார். இயக்குநரின் காதில் ஏதோ சொன்னார். இயக்குநர் ஒரு கணம் திகைத்தார். ஒரே ஒரு கணம்தான்.

"நண்பர்களே! இந்தக் குழந்தையின் திருத்திய வயது, இன்றைக்குக் காலை நிலவரப்படி, பூஜ்யம்! இன்று பிறந்த குழந்தை! ரெண்டு பல்லோட, சட்டை பட்டனைக் கடிக்கிறான் பாருங்க!"

கூடம் எழுந்து நின்று கைதட்டியது. அக்காவும் தட்டினாள். என் மனைவி தட்டவில்லை. உதட்டில் சிரிப்பு அப்படியே இருக்க, நெற்றி மட்டும் சுருங்கியது. பூஜ்யமா என்று அவள் வாய் அசைந்தது. பிறகு என்னைப் பார்த்தாள். நான் பார்வையை மாற்றவில்லை. ஒன்பது வாரமாக மாற்றி மாற்றி அலுத்துப்போயிருந்தது.

இயக்குநர் கையிலிருந்து மைக்கை வாங்கினேன். நன்றி சொல்லப் போகிறேன் என்று அவரே கொடுத்துவிட்டார்.

"என் பையனுக்குப் பத்து மாசம்" என்றேன். "பதினொரு வாரம் கழிச்சா ஏழரை மாசம். அவ்வளவுதான் கணக்கு. முதல் நாளே நான் கழிச்ச வயசை எழுதிட்டேன். இவங்க அதுல மறுபடி கழிச்சாங்க. எனக்கு அப்பவே தெரியும். அவன் நல்லா இருக்கான்னு நாலு பேர் சொல்லணும்னு நான் வாயை மூடிக்கிட்டேன். அவனுக்கு இடது கை விரியலை. காலும் சரியா ஊணலை. தினமும் நான்தான் குளிப்பாட்டுறேன், எனக்குத் தெரியும்." எச்சிலை விழுங்கினேன். தண்ணீர் கிடைக்கவில்லை. "அப்புறம் அக்கா, அவ வேலையை நிறுத்தறேன்னுதான் சொன்னா. இன்னும் ஒரு மாசம் போகட்டும்னு சொன்னது நான்."

அக்கா கைதட்டிய கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். இயக்குநர் மைக்கைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

"பார்த்தீங்களா, என்ன ஒரு தன்னடக்கம்!" என்றார். கூடம் நிம்மதியாகக் கைதட்டியது. மைக்கை மூடிக்கொண்டு என் பக்கம் குனிந்தார். "சார், கொஞ்சம் யோசிச்சுப் பேசுங்க. பத்து மாசம்னா உங்க பையன் பின்தங்கினவன். பூஜ்யம்னா மேதை. எந்த அப்பா பத்து மாசம்னு கேட்பான்?"

"அவன் கையை விரிக்கணும் சார்."

"அதுக்கு என்ன இப்ப? பிறந்த குழந்தைக்குக் கை மூடித்தான் இருக்கும்!"

அதற்குள் என் மனைவி மேடைக்கு வந்துவிட்டாள். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. குழந்தையை வாங்கினாள். நீலச் சட்டையின் இடது கையை மேலே ஏற்றி, மூடிய விரல்களைப் பார்த்தாள். தன் சுண்டுவிரலை உள்ளே நுழைக்கப் பார்த்தாள், நுழையவில்லை. படியிறங்கி, கைதட்டிக்கொண்டிருந்த கூட்டத்தின் நடுவே நேராகப் பின்சுவருக்குப் போனாள்.

"மேடம், உங்க ரூம் எங்க இருக்கு?"

பிசியோதெரபிஸ்ட் மேடையைப் பார்த்தாள். "பேப்பர்ல வயசு பூஜ்யம்னு இருக்கு. நான் தொடக் கூடாது" என்றாள். பிறகு எக்ஸ்பிரஸின் கையைப் பார்த்தாள். "வாங்க, சாவி என்கிட்டத்தான் இருக்கு."

நான் பின்னாலேயே ஓடினேன். மேலே கூடத்தில் அடுத்த பரிசு அறிவித்துக்கொண்டிருந்தார்கள்.

கீழ்த்தளத்து அறையில் ஒரு பாய், ஒரு கண்ணாடி, நாலைந்து ரப்பர் பந்துகள். பிசியோதெரபிஸ்ட் அவனைப் படுக்க வைத்து, கட்டைவிரலின் அடியில் மெல்ல அழுத்தி, ஒவ்வொரு விரலாகத் திறந்தாள். முழங்காலை நீட்டிப் பாதத்தை மேலே மடக்கினாள். எக்ஸ்பிரஸ் வீறிட்டான்.

"இறுக்கம் இருக்கு. கையிலயும் கால்லயும்" என்றாள். "பயப்பட வேண்டாம்னும் சொல்ல மாட்டேன், முழுசாச் சரியாயிடும்னும் சொல்ல மாட்டேன். தினமும் நாலு வேளை செய்யணும். அன்னைக்கே சொல்லியிருந்தீங்கன்னா என் வேலை இன்னும் சுலபமா இருந்திருக்கும்."

"அன்னைக்குன்னா?" என்றாள் என் மனைவி.

"முதல் தடவை வந்தப்ப. நான் இவர்கிட்டதானே கேட்டேன்."

என் மனைவி பாயில் உட்கார்ந்தாள். நான் அவள் பக்கத்தில் மண்டியிட்டேன்.

"எல்லாம் என் தப்புதான். அன்னைக்கு நீ நிறுத்தறேன்னு சொன்னப்பவே நான்..."

"அதை யாரு கேட்டா?" என்றாள். குரல் உயரவே இல்லை, 'நீங்க' மட்டும் 'நீ' ஆகிவிட்டது. "மைக்ல அந்தக் கதையை எதுக்குச் சொன்னே? அது யாரு தப்பும் இல்லைன்னு டாக்டர் உட்கார வச்சுச் சொன்னார். நான் அன்னைக்கே நம்பிட்டேன். உங்க அக்கா பேசினதுக்கெல்லாம் நான் ஏன் பதில் சொல்லலைன்னு நினைச்சே? எனக்கு அதுல சொல்ல ஒண்ணும் இல்லை."

"அந்தச் சான்றிதழைப் பார்த்து நீ அவ்வளவு சந்தோஷமா..."

"புள்ளை நல்லா இருக்கான்னு சந்தோஷப்பட்டேன். எனக்கு யாரும் சான்றிதழ் குடுக்க வேண்டியதில்லை." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அந்தப் பதினொரு வாரத்துக்கு நீ காரணம் இல்லை. யாருமே காரணம் இல்லை. இந்த ஒம்பது வாரத்துக்கு நீ மட்டும்தான் காரணம். இதை எந்தக் கவுன்ட்டர்ல போய்க் கழிப்பே?"



"அப்பா, சும்மா உட்காராதீங்க" என்றாள் பிசியோதெரபிஸ்ட். "முட்டி மடங்காம அமுக்கிப் பிடிங்க. நான் பாதத்தை மடக்கறேன்."

பிடித்தேன். தொடை என் ஒரு கைக்குள் அடங்கியது. அவள் பாதத்தை மேலே மடக்கினாள். அவன் உடம்பு முழுவதும் சிவந்து, மூச்சை அடக்கி, பிறகு என் முகத்தை நேராகப் பார்த்துக்கொண்டே கத்தினான்.

"அழுவான். வலிக்கத்தான் செய்யும்" என்றாள். "கையை மட்டும் எடுத்துடாதீங்க."

நான் எடுக்கவில்லை.